மைதானத்தை இடமாகச் சுற்றியவள்

திண்டிவனத்தில் காலை ஐந்தரை மணிக்கு மைதானத்துக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது அறிவுரைதான். "கைய வீசி நடங்கம்மா." "வெந்தயத்த ராத்திரியே ஊறப் போட்டுடுங்க." "எனக்கு சுகரு நானூறு இருந்திச்சிங்க, இப்ப பாருங்க, நூத்திப் பத்து." கேட்காமலேயே கிடைக்கும் பொருள் இந்த ஊரில் இது ஒன்றுதான். முப்பத்தோரு வருடம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஊராரின் வாயைப் பார்த்தவள் நான். அப்போது எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கம்பி வலை இருந்தது. ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, அந்த வலையைப் பிடுங்கிக்கொண்டு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

நடப்பது எனக்குப் பிடிக்காது. உடம்பு லேசாகிறது, மனசு பூப்போல ஆகிறது என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் உடம்பு லேசாகவும் இல்லை, மனசு பூவாகவும் இல்லை. அறுபத்து நாலு வயதில், பதினைந்து வருடச் சர்க்கரையோடு, குதிகால் எரிய எரிய நான் நடந்தது கண்ணுக்காக. வேறு எதற்காகவும் இல்லை.

வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இடது கண்ணும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அனந்தபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, செஞ்சி பஸ் என்று நினைத்து விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நடத்துநர் டிக்கெட் கேட்டபோதுதான் தெரிந்தது. கூட்டேரிப்பட்டில் இறக்கிவிட்டான். பட்டுப்புடவையோடு நெடுஞ்சாலையோரம் நின்று, எதிர்ப்பக்கம் வருவது பஸ்ஸா லாரியா என்று தெரியாமல் ஒவ்வொன்றுக்கும் கை காட்டினேன். ஒரு தண்ணீர் லாரிகூட நின்றது. வாழ்நாளெல்லாம் கடிதத்தின் மேல் கிறுக்கியிருந்த கோணல் எழுத்தைப் படித்தே பிழைத்தவளுக்கு இது நடந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், ஆபரேஷன் என்று.

விழுப்புரத்துக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். "முன்னூத்திப் பன்னெண்டு இருக்கும்மா. இருநூறுக்குக் கீழ வராம நான் கண்ணுல கை வைக்க மாட்டேன். சீழ் புடிச்சா கண்ணே போயிடும். அதுக்காக ரொம்ப நாள் தள்ளிப் போடவும் முடியாது, புரை கெட்டியாயிடும். மூணு மாசத்துல குறைச்சிக்கினு வாங்க." மூன்று மாதம். இருநூறு. இந்த இரண்டும் மட்டும்தான் அதற்குப் பிறகு என் மண்டையில் இருந்தன.

அதனால்தான் மைதானம். அங்கேதான் என் ஓரகத்தியும் நடந்தாள்.

ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. என்னைவிட ஆறு வயது மூத்தவள். இருபத்தைந்து வருடம் அவளை அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டிருக்கிறேன். ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. காரணத்தை மறைக்க ஒன்றும் இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். என் கணவருக்கும் சர்க்கரைதான். கால் விரலில் ஒரு கொப்புளம் வந்து, அது புண்ணாகி, விரலை எடுத்து, பாதத்தை எடுத்து, கடைசியில் முட்டிவரை எடுத்து, அப்படியும் ஆள் தங்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில், பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் இவள் சொன்னாள்: "ஆபீசு ஆபீசுன்னு ஓடறவ எங்கேர்ந்து பத்தியம் பாப்பா? புருஷன வாரிக் குடுத்துட்டா."

இலையில் சோறு வாங்கியிருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். நான் கையில் ரசவாளியோடு நின்றேன். கவுண்டருக்கு வெளியே நிற்பவர்களை ஒரே சொல்லில் வாயடைக்க வைப்பவள் என்று ஊரில் எனக்குப் பெயர். அன்றைக்கு என் வாய் எங்கே போனதோ தெரியவில்லை. அந்த மனுஷனுக்கு அரிசியை அளந்து போட்டேன். காலை நாலரைக்கு எழுந்து அவருக்குத் தனிக் குழம்பு, எனக்கும் பையனுக்கும் தனிக் குழம்பு வைத்தேன். மாம்பழம் வீட்டுக்குள் வந்ததில்லை. பொங்கலுக்குக்கூட அவருக்கு வெண்பொங்கல்தான். ஆபீசிலிருந்து வந்ததும் அவர் பாதத்தை மடியில் வைத்து, விளக்கைக் கிட்டே பிடித்து, விரல் இடுக்கு விரல் இடுக்காகப் பார்த்தேன். இத்தனைக்கும் அவருடைய சர்க்கரை குறையவே இல்லை. ஏன் குறையவில்லை என்று எனக்கு அப்போதும் தெரியாது. அந்தத் தெரியாமைக்கு மேல்தான் அவள் நெருப்பை அள்ளிப் போட்டாள்.

அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசியதில்லை. இரண்டு வருடம் கழித்து மூத்தார், அவள் கணவர், இறந்துபோனபோது மாலை வாங்கிக்கொண்டு போனேன். கால்மாட்டில் போட்டேன். அவள் பக்கம் திரும்பாமல் வந்துவிட்டேன்.

மைதானத்தில் எல்லோரும் வலமாகத்தான் சுற்றுவார்கள், கோயிலைச் சுற்றுகிற மாதிரி. யாரும் சட்டம் போடவில்லை, பழகிவிட்டது. நானும் வலமாகச் சுற்றினால் ஒன்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும், இல்லையென்றால் அவள் என் முதுகைப் பார்ப்பாள். இரண்டும் எனக்கு ஒத்துவராது. நான் இடமாகச் சுற்ற ஆரம்பித்தேன். "இடமா சுத்தக் கூடாதும்மா, குடும்பத்துக்கு ஆவாது" என்று ஒரு பெரியவர் வழிமறித்தார். "என் குடும்பத்துக்கு ஆவ வேண்டியதெல்லாம் ஆயிடுச்சிங்க" என்றேன். அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

புத்திசாலித்தனமான காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். நடந்தது என்ன? எதிரெதிராகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். பத்துச் சுற்று என்றால் இருபது தடவை. என் கண்ணுக்கு ஆள் தெரியாது, ஆனால் அவள் வருவது தெரியும். இடது காலைக் கொஞ்சம் இழுத்துப் போடுவாள். சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கும் ரப்பர் செருப்பு, அது தரையில் உரசும் சத்தம் பத்தடிக்கு முன்னாலேயே கேட்கும். கேட்டதும் என் தாடை இறுகும். நான் நடையை இன்னும் வேகமாக்குவேன். கடந்து போகும்போது அவள் தொண்டையைச் செருமுவாள், நான் வானத்தைப் பார்ப்பேன். பிறகு பாதிச் சுற்று முழுக்க அவளோடு மனசுக்குள் சண்டை. அந்தப் பந்தியில் நான் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வேன். மூச்சு வாங்கும்போது மறுபடியும் அந்தச் செருப்புச் சத்தம் கேட்கும்.

ஐந்து வாரம் இப்படி ஒரு நாள் விடாமல் நடந்தேன். மகன் ஓசூரிலிருந்து ஒரு கைக்கடிகாரம் அனுப்பியிருந்தான், அடிகளை எண்ணுவது. தினமும் எட்டாயிரம், ஒன்பதாயிரம். சோற்றை ஒரு கரண்டியாகக் குறைத்துக்கொண்டேன். மாத்திரையை நேரம் தவறாமல் போட்டேன். ரத்தம் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் முன்னூற்று ஐந்து.

திண்டிவனத்தில் என் சர்க்கரையைப் பார்ப்பவள் ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர். அவள் மேஜையில் அந்தச் சீட்டைப் போட்டுவிட்டு, "இதுக்குத்தான் நாய் மாதிரி சுத்தறேனா?" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எப்போது சாப்பிடுகிறேன், எப்போது தூங்குகிறேன், எங்கே நடக்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் இடமாகச் சுற்றும் கதையும் அதோடு வெளியே வந்துவிட்டது. அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"கோவம் வந்தா உடம்பு சண்டைக்குத் தயாராகுதும்மா. சண்டை போடத் தெம்பு வேணும்னு, ஈரல்ல சேத்து வெச்சிருக்கிற சர்க்கரைய எடுத்து ரத்தத்துல கொட்டும். வயசுப் பிள்ளைங்களுக்கு அது தானா அடங்கிடும். உங்களுக்குக் கொட்டினது கொட்டினபடியே நிக்கும். நீங்க காலால எறக்கறத மனசால ஏத்திடறீங்க."

"அப்ப நடக்க வேணாங்கறீங்களா?"

"நடங்க. அவங்க இல்லாத நேரத்துல நடங்க. இல்ல, வேற எடத்துல நடங்க."

"நான் எதுக்கு எடம் மாத்தணும்? அவ மாத்தட்டும்."

அவள் பேனாவைத் திரும்ப எடுத்தாள். பிறகு மாத்திரையைக் கூட்டி எழுதினாள். மாத்திரை கூடினால் சில நேரம் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும் என்று அதற்கான அடையாளங்களையும் சொன்னாள். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், சிலருக்குக் காரணமே இல்லாமல் கோபம் வரும், குடித்தவர்கள் மாதிரி கண்டபடி பேசுவார்கள். உடனே வாயில் இனிப்பைப் போட வேண்டும், இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. கையில் எப்போதும் மிட்டாய் இருக்கட்டும் என்றாள். அன்றிலிருந்து நாலு ஆரஞ்சு மிட்டாய் என் சுருக்குப் பையில் இருந்தது. இதை நான் விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று பிறகு யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

அடுத்த வாரம் கிருத்திகை. மயிலம் முருகனுக்கு என் ஓரகத்தி மாதா மாதம் விரதம் இருப்பாள், சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர்தான். அது எனக்குத் தெரிந்ததுதான். அவளுக்கு ஊசி ஆரம்பித்திருந்தது எனக்குத் தெரியாது. காலையில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, ஊசி என்ன சாப்பாடா, விரதம் முறியாது என்று வெறும் வயிற்றோடு நடக்க வந்துவிட்டாள். மருந்தையும் விடவில்லை, முருகனையும் விடவில்லை, நடையையும் விடவில்லை.

நான் நாலாவது சுற்றில் இருந்தேன். செருப்புச் சத்தம் கேட்கவில்லை. பார்த்தால் மேற்கு மூலையில் வேப்பமரத்தடியில் ஒரு உருவம் நின்றுகொண்டிருந்தது. நான் நடக்கும் பாதையின் நடுவே. கிட்டே போனதும் அவள்தான் என்று தெரிந்தது. ஒதுங்கவில்லை. நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன், என் கையைப் பிடித்துத் தள்ளினாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் வார்த்தை, "போடி."

"இன்னா சொன்ன?"

"போடி... யாருடி நீ... அடுப்பு... போடீ..."

நாக்கு தடித்த மாதிரி இழுத்து இழுத்துப் பேசினாள். என் முழங்கையில் பட்ட அவள் உள்ளங்கை சொதசொதவென்று ஈரமாக இருந்தது. இவை எல்லாம் எனக்குத் தெரிந்தன. ஆனால் என் காதில் நின்றது அந்த "போடி" மட்டும்தான். ஒன்பது வருடம் நான் காத்திருந்த வார்த்தை அது. அவளே ஆரம்பித்துவிட்டாள், இனி நான் பேசலாம்.

பேசினேன். "யாருடி புருஷன வாரிக் குடுத்தவ? நானா? அவரு காலு அழுவி நாறும்போது ஒரு நாளாச்சும் வந்து தொடச்சி உட்டியாடி? நாலரைக்கு எழுந்து நாலு அடுப்பு பத்த வெச்சேனே, உனக்குத் தெரியுமாடி? பந்தியில வெச்சி எம்மானத்த வாங்கினியே, உன் வாயில புழு வெக்க! நீ செத்தா உன் வாசப்படி மிதிக்க மாட்டேன், கேட்டுக்க. சாவு, போ!" இதற்கு மேலும் சொன்னேன். எழுதக் கூசும் வார்த்தைகள். எழுதக் கூசுகிறதே தவிர, சொல்லும்போது கூசவில்லை. வயிற்றில் அடைத்துக் கிடந்தது மளமளவென்று வெளியே வந்தது. உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நடப்பவர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். நிற்கட்டும் என்று நினைத்தேன். பந்தியிலும் நின்றார்கள்தானே.

வாசலில் சுக்குக் காப்பி விற்கும் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஓரகத்தியைப் பார்த்த ஒரு நொடியிலேயே கத்தினாள். "யோவ், வேடிக்கை பாத்துக்கினு நிக்கறீங்களே! அந்தம்மாவுக்குச் சுகர் எறங்கிடுச்சிய்யா! வேர்வை பாரு, பேச்சு கொழறுது பாரு!" என்னிடம் திரும்பி, "நீ இன்னாம்மா, படிச்சவ, பதிலுக்குப் பதில் கத்திக்கினு இருக்க?" என்றாள். அதற்குள் என் ஓரகத்தி மரத்தோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மாள் வெல்லத்தைப் பொடித்து அவள் கடைவாயில் தேய்த்தாள். யாரோ ஆட்டோ கூப்பிட்டார்கள். நான் இடுப்பில் இருந்த சுருக்குப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைத் திறக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

என்னையும் அதே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சர்க்கரை முப்பத்தெட்டு. குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் பத்து நிமிடம் விட்டிருந்தால் ஆள் இல்லை என்றார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நர்ஸ் எனக்கும் விரலில் குத்தினாள். முன்னூற்று எண்பத்தொன்று. ஒரே சண்டை, அவள் தரைக்குப் போனாள், நான் கூரைக்கு ஏறினேன்.

என்ன நடந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். "எனக்குக் கண்ணு தெரியலிங்க. மூஞ்சியப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றேன். பாவம், புரை, என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவளுடைய மகள்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இன்னா சித்தி பண்ணுவீங்க" என்றாள். கண்தான் தெரியாது. காது நன்றாகவே கேட்டது, கை ஈரம் நன்றாகவே தெரிந்தது. டாக்டர் சொன்ன ஒவ்வொரு அடையாளமும் என் முன்னால் நின்றது, நான் அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஒன்றும் நினைவில் இல்லையாம், சர்க்கரை அவ்வளவு இறங்கினால் நினைவிருக்காது என்று மகள் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதோடு ஒரு எரிச்சலும் வந்தது. ஒன்பது வருடம் சேர்த்து வைத்ததை எல்லாம் காது கேட்காத ஆளிடம் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

மகள் அவளைத் தன்னோடு செங்கல்பட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். மைதானத்தில் நான் தனியாக இடமாகச் சுற்றினேன். செருப்புச் சத்தம் இல்லை. முதல் நாலு நாள் என்னையறியாமலே ஒவ்வொரு வளைவிலும் தாடையை இறுக்கினேன், எதிரே ஆள் இல்லை. மனசுக்குள் சண்டை போடவும் விஷயம் இல்லை, எல்லாவற்றையும்தான் சொல்லியாகிவிட்டதே. வேறு வழியில்லாமல் வெறுமனே நடந்தேன். மூன்றாவது வாரம் இருநூற்று முப்பது. ஐந்தாவது வாரம் நூற்று எழுபத்தாறு. அந்தச் சின்ன டாக்டர் சீட்டைப் பார்த்துச் சிரித்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் சர்க்கரை குறைய நான் வாயைக் கட்டியதும் காலைத் தேய்த்ததும் போதவில்லை, அவள் ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது.

ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். கூட ஒரு ஆள் வர வேண்டும், மறுநாள் காலை கட்டுப் பிரிக்கும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மகன் முதல் நாள் சாயங்காலம் போன் செய்தான். லீவு இல்லையாம். "தள்ளிப் போடலாமாம்மா?" என்றான். "உன் லீவு வர்ற வரைக்கும் என் சுகர் கீழ நின்னுக்கினு இருக்குமாடா?" என்று போனை வைத்தேன். வாடகைக்கு ஆள் பிடித்தாவது போவது என்று இருந்தேன்.

காலையில் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே என் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு ஒயர் கூடை. மகன் அவளிடம் கேட்டிருக்கிறான். அவள் செங்கல்பட்டிலிருந்து முதல் நாளே வந்துவிட்டாள். ஏறுவதா வேண்டாமா என்று நான் வாசலில் நின்றேன். தேதியை விட்டால் கண் போய்விடும். ஏறினேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம்வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். அக்கம்பக்கத்தார் இதைப் பெரிய மனசு என்று பேசியிருப்பார்கள்.

ஆபரேஷன் அரை மணி நேரத்தில் முடிந்தது. வலது கண்ணில் கட்டுப் போட்டுக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நர்ஸ் எனக்கும் அவளுக்கும் சேர்த்துச் சொன்னாள்: "தலைய ஆட்டக் கூடாது, குனியக் கூடாது, இருமக் கூடாது. சத்தம் போட்டுப் பேசக் கூடாது. முக்கியமா அழக் கூடாது. அழுதா தையல் இல்லாத கண்ணு, கெட்டுடும்." அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நர்ஸ் போனதும் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு எல்லாம் கேட்டுச்சி" என்றாள்.

நான் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன்.

"கெணத்துக்குள்ள இருந்து கேக்கற மாதிரி கேட்டுச்சி. வாய்தான் வரல. மவ கிட்ட நெனப்பு இல்லேன்னு சொல்லிட்டேன். நீ சொன்னத நான் அவ கிட்ட எப்படிச் சொல்றது? சாவுன்ன. வாயில புழு வெக்கன்ன. அன்னிக்கு நான் பதில் பேச முடியாம நின்னேன். இன்னிக்கு நீ பேச முடியாது. கம்னு கேளு."

அப்போதுதான் அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஒன்பது வருடத்தில் இப்படி ஒரு சமயம் அவளுக்கு வாய்த்ததில்லை. நான் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ பத்தியந்தான் போட்ட. எனக்குத் தெரியும். நீ ஆபீசுலேர்ந்து வர ஆறு மணி ஆவும். கொழுந்தனாரு நாலு மணிக்கே எங்க வூட்டுக்கு வந்துடுவாரு, படுத்துக் கெடக்கற அண்ணன பாக்கணும்னு. வந்து ஒக்காந்ததும், அண்ணி, நாக்கு செத்துப் போச்சி, எதுனா குடு அண்ணிம்பாரு. அண்ணின்னா அம்மா மாதிரின்னு சொல்லிக் குடுத்து வளத்திருக்காங்க. வாய் தொறந்து சோறு கேக்கற ஆம்பளைய நான் எப்படி இல்லேன்னு அனுப்பறது? வெல்லம் போட்டுக் கேப்பை அடை தட்டிக் குடுத்தேன். மேல வறுத்த மல்லாட்டைக் கொட்டையப் பொடிச்சிப் போட்டு. கேப்பை சுகருக்கு நல்லதுதானேன்னு நெனச்சிக்கினேன். கூட ஒரு டம்ளர் காப்பி."

"எத்தினி நாளு?" என்றேன். சத்தமில்லாமல்தான் கேட்டேன்.

"அவரு கால எடுக்கற வரைக்கும். ஞாயித்துக்கெழம வரமாட்டாரு, நீ வூட்ல இருப்ப." ஒயர் கூடையின் கைப்பிடியைத் திருகினாள். "உன்கிட்ட சொல்லாதன்னு என் கையப் புடிச்சிக்கினு சத்தியம் வாங்கினாரு. காரியத்தன்னிக்கு எல்லாரும் அவரு எப்படிப் போனாருன்னே பேசிக்கினு இருந்தாங்க. எனக்கு நெஞ்சு அடைச்சிக்கிச்சி. யாராச்சும் என்னக் கேட்டுடுவாங்களோன்னு பயந்து உன் மேல தூக்கிப் போட்டுட்டேன்."

நாலரை மணிக்கு எழுந்து நான் அளந்து போட்ட அரிசி நினைவுக்கு வந்தது. தனிக் குழம்பு நினைவுக்கு வந்தது. கசப்பாக இருக்கிறது என்று முகம் சுளித்துப் பாகற்காயைத் தின்று, "உனக்காகச் சாப்புடறேன்" என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. வயிற்றில் வெல்ல அடையோடு உட்கார்ந்துகொண்டு சொல்லியிருக்கிறார் அந்த மனுஷன். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவரைத் திட்டுவதற்கும் ஆள் இல்லை, இவளைத் திட்டுவதற்கும் வாய் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நர்ஸ் சொன்னதை நினைத்துப் பல்லைக் கடித்து அதை விழுங்கினேன்.

"எந்திரிச்சிப் போ" என்றேன்.

"போவ முடியாது. காலையில கட்டுப் பிரிக்கற வரைக்கும் இருக்கறேன்னு கையெழுத்து வாங்கிக்கினாங்க."

அவள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. கட்டு இல்லாத கண்ணால் அவள் பக்கம் பார்த்தேன். புகை மூட்டத்தில் ஒரு தலை தெரிந்தது, அதன் மேல் முந்தானை ஏறி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அவளுக்கு என்ன, அவள் அழலாம்.